பேங்கில் ஏறிய சம்பளம்

அபிதகுசாம்பாள் என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட ஆரணியில் யாருக்கும் பொறுமை இல்லை. திருவண்ணாமலை அம்மன் பெயர் அது. வேண்டிப் பிறந்த பிள்ளை என்று வைத்தார்கள். பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது 'அபிதா' ஆகிவிட்டது. சென்னையிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், "அபிதாவா? பேரு மாடர்னா இருக்கே!" என்பார்கள். நாற்பத்தாறு வயதில், நரம்பு சுருண்ட காலோடு, மாடர்ன் பெயர் ஒன்றுதான் குறைச்சல்! அவள் சிரித்துவைப்பாள். சிரிப்புக்கும் சேர்த்துத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடையில் வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, விற்கிறவர்களுக்குத் தரை. கடையில் வேலை செய்கிறவர்களும் உட்கார வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு ஸ்டூல்கள் வந்தன. வந்த வாரமே அவற்றின் மேல் சேலைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. இன்றுவரை இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கிறதே! சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அபிதா சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள். அவள் புருஷன் வேலு பவர்லூம் கொட்டகையில் வேலை செய்கிறவன். வாரத்தில் பாதி நாள்தான் தறி ஓடும். மீதி நாள் அவன்தான் சோறு வடிப்பான், பாவம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் குறைந்தபட்சக் கூலி ஏறியது. செய்தி முதலில் போனில் வந்தது. கொண்டுவந்து காட்டியவள் இனியா. தேசூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், பி.காம். படித்தவள், கடைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவளுடைய அப்பா தருமன் நெல் அறுப்புக்கும் மூட்டை தூக்கவும் போகிறவர். மாதம் பிறந்தால் சம்பளம் என்று அந்த வீட்டில் முதன்முதலில் வாங்கியவள் இவள்தான். "அக்கா, நம்ம மாதிரி கடைக்கெல்லாம் ஏத்திக்கீறாங்க, பாருங்க!" என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று கடையில் எட்டுப் பெண்களுக்கும் கால் வலி இல்லை.

முதலாளி சரவணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினான். கத்துகிற ஆள் இல்லை அவன். கத்தியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

"கவர்மென்ட் ஏத்திடுச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்தச் சம்பளத்துக்கு வியாபாரம் எங்க ஆவுது, நீங்களே பாத்துகினுதானே இருக்கீங்க? பாதிப் பேரு போன்லயே பொடவ வாங்கறான். வெலய ஏத்தினா அடுத்த கடைக்குப் போறான். பக்கத்துக் கடையில இன்னா பண்ணாங்க? முழுசா ஏத்திக் குடுத்தாங்க, மூணு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் அப்டிப் பண்ண மாட்டேன். யாரையும் அனுப்பல."

பெண்கள் காத்திருந்தார்கள். இன்னொரு 'ஆனா' வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"பேங்குல முழுசா ஏறிடும். பழைய சம்பளம் போக, ஏறின மிச்சத்த மட்டும் எடுத்துக் கையில திருப்பிக் குடுத்துடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான்! அரசாங்கம் கொடுக்கச் சொன்னதைக் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதா என்ன? பக்கத்துக் கடையில் ஏறிய சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்று பேர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு நாக்குத் தள்ளிக் கிடந்தார்கள். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி வந்து இங்கே வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். எது நல்லது, எது கெட்டது என்று அபிதாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு சரவணன் அபிதாவை மட்டும் கூப்பிட்டான். அவனுடைய அப்பா கல்லாவில் இருந்த காலத்திலிருந்து கடையில் இருப்பவள் என்பதால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, பொம்பளப் பசங்ககிட்ட நான் போய்க் கை நீட்டினா நல்லா இருக்காது. நீங்களே வாங்கி எங்கிட்ட குடுத்துடுங்க. உங்க மிச்சம் எனக்கு வேணாம், அத நீங்களே வச்சிக்குங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

அபிதா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால்தானே? "சரி சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் ஒரு சந்தோஷம், ஒரு கூச்சம். இரண்டும் மாறி மாறி வந்தன.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. வீட்டுக்காரம்மா சசிகலா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மடக்கினாள். "கடக்காரங்களுக்கெல்லாம் சம்பளம் ஏத்திட்டாங்களாமே? அடுத்த மாசத்துலேர்ந்து வாடகைய ஏத்திக் குடுத்துடும்மா." ஏறிய மிச்சம் அப்படியே அவள் கைக்குப் போனது. அபிதாவுக்காவது ஏறியது, போனது. மற்றப் பெண்களுக்கு ஏறாமலே போயிற்று. ஷேர் ஆட்டோக்காரன் காசைக் கூட்டிக் கேட்டான், ஹாஸ்டல் அக்கா வாடகையைக் கூட்டிக் கேட்டாள், சீட்டு பிடிக்கிறவள் பெரிய சீட்டில் சேரச் சொன்னாள். சம்பளம் ஏறிய சேதி ஊரெல்லாம் தெரியும், திருப்பிக் கொடுத்த சேதி யாருக்குத் தெரியும்? வெளியே சொல்லவும் வெட்கம்.

மாதம் பிறந்ததும் பெண்கள் டீ நேரத்தில் ஏ.டி.எம்முக்குப் போய் வருவார்கள். கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், அபிதா ஒரு மஞ்சள் பையை விரித்துப் பிடிப்பாள். முதலில் தன்னுடைய நோட்டுகளை எல்லோரும் பார்க்கப் போடுவாள். பிறகு மற்றவர்கள் போடுவார்கள். எல்லோரும் போன பிறகு தன்னுடையதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இந்த நாடகத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. முதல் மாதமே தானாக வந்துவிட்டது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது மாதம் பையில் எல்லோரும் போட்டார்கள், இனியா போடவில்லை.

"நான் குடுக்கலக்கா. என் பேர்ல ஏறின காசு. நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். ஆனால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதை அபிதா கவனித்தாள். அடுத்த மாதம் இது ஒன்றோடு நிற்காது.

சரவணனுக்கும் அது புரிந்தது. "அக்கா, நாளைக்குள்ள நீங்க பேசி வாங்கிடுங்க. இல்லன்னா அந்தப் பொண்ண அனுப்ப வேண்டியதுதான். ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அப்புறம் உங்களுக்கு விடறதும் என்னால முடியாது." கோபமே இல்லாமல் சொன்னான். ஏறிய வாடகையை இனி இறக்க முடியாது. அந்தப் பெண்ணின் வேலையும் தன் வீட்டு வாடகையும் ஒரே முடிச்சில் வந்து நிற்கும் என்று அபிதா நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் போளூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பொண்ணு, அம்மா, அத்தை, சித்தி, பெரியம்மா என்று மெத்தை கொள்ளாத கூட்டம். கடையையே கவிழ்த்துப் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். பிரித்துப் போட்ட பட்டு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பட்டுச்சேலையை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து ஓரத்தை ஓரத்தோடு சேர்க்க வேண்டும். அபிதா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இனியாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி, ஏன் இப்டிப் பேஜார் பண்ற?" என்றாள், கிட்டே வந்தபோது.

இனியா முனையைக் கொடுத்துவிட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அங்கிருந்து கத்த முடியாது, கல்லாவில் சரவணன் இருக்கிறான். மறுபடி கிட்டே வந்தபோதுதான் பதில் சொன்னாள்.

"எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாருக்கா. எம் பொண்ணுக்குச் சம்பளம் ஏறிடுச்சுன்னு டீக்கடையில சொல்லிகினு திரியறாரு. ரெண்டு மாசமா இன்னாடி ஏறின காசுன்னு அம்மா கேக்கறாங்க. நான் இன்னா சொல்லுவேன்? நான் எவனுக்கோ குடுத்துகினு இருக்கேன்னு சந்தேகப்படறாங்கக்கா!"

அபிதாவுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தும் அடுத்த சேலையை எடுத்து உதறினாள்.

"வேல போயிடும்டி."

"போவட்டும்."

"போவட்டுமா? பக்கத்துக் கடையில அனுப்பினவங்க இன்னும் வேல தேடிகினு கீறாங்க. வீட்ல சும்மா குந்திகினு இருந்தா அப்ப மட்டும் உங்கம்மா இன்னா சொல்லுவாங்க?"

இனியா நடந்து வந்தாள், ஓரத்தைச் சேர்த்தாள், போனாள். நான்கைந்து சேலைகள் அப்படியே மடிந்தன. பிறகு வெடுக்கென்று கேட்டாள்.

"நீங்க குடுக்கறீங்களேக்கா, இத்தினி வருஷமா இங்கயே நின்னு கால் இப்டி ஆயிடுச்சு. உங்களுக்கு வயிறு எரியல?"

இங்கேதான் அபிதா அந்தப் பொய்யைச் சொன்னாள். பையில் நோட்டைப் போட்டுக் காட்டியதெல்லாம் வேறு, அது வாயால் சொன்னது இல்லை. இப்போது முகத்துக்கு நேரே, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்று சொன்னாள். "எரியுதுடி. இன்னா பண்றது? நானும்தான் குடுக்கறேன். எனக்கும்தான் வாடகை ஏறிடுச்சு. எல்லாரும் குடுக்கறோம், நீ மட்டும் குடுக்கலன்னா மத்தவங்க மூஞ்சில எப்டி முழிப்ப?"

இனியாவின் கண் நிறைந்தது. மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்து நோட்டுகளை அபிதாவின் கையில் வைத்து அழுத்தினாள். "உங்களுக்காகத்தான்கா. அந்தாளுக்காக இல்ல" என்றாள். அபிதாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அருவருப்பாகவும் இருந்தது. பின்னறைக்குப் போய், கணக்கு முழுசாகட்டும் என்று நேற்று கொடுக்காமல் வைத்திருந்த மஞ்சள் பையில் போட்டுக் கையோடு எடுத்து வந்தாள். தன்னுடையதை நேற்றே எடுத்தாயிற்று.

சரவணனுக்குப் பட்டுநூல் வாங்க வெளியூர் போகிற அவசரம். கல்லாவிலிருந்து, "அக்கா, அது வந்துடுச்சா? ஜல்தி!" என்றான். அபிதா அப்போது ஒரு டாக்டரம்மாவுக்கு ஆறாவது சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கஸ்டமரை விட்டு நகர்ந்தால் அவன் முகம் சுருங்கும். பக்கத்தில் நின்ற இனியாவிடம் பையைக் கொடுத்து, "சார்கிட்ட குடுத்துட்டு வா" என்றாள். கொடுத்த பிறகுதான் அதில் தன் பங்கு இல்லை என்பது உறைத்தது. திரும்பக் கூப்பிட முடியவில்லை, டாக்டரம்மா அரக்கு கலரில் வேறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடை என்ன பெரிய கடையா? கல்லாவில் பேசுவது முழுக்கக் கேட்கும். சரவணன் எண்ணினான். "ஏழு பேரு. கரெக்டா இருக்குது."

"எட்டு பேரு சார்" என்றாள் இனியா. "அபிதாக்காவோடது?"

ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ நம்பர் தேடிக்கொண்டிருந்தான் அவன். "அவங்களுக்கு அது கெடையாதும்மா. நீ போய் வேலயப் பாரு."

டாக்டரம்மா அந்த அரக்குச் சேலையையே எடுத்தாள். அபிதா எப்படி விலை சொன்னாள், எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. காது மட்டும் பின்னால் இருந்தது. இப்போது கத்துவாள், இப்போது மற்றவர்களைக் கூப்பிடுவாள் என்று முதுகு கூசக் காத்திருந்தாள். கத்தட்டும். செருப்பைக் கழற்றி அடிக்கட்டும். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. பின்னறையில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். அபிதா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இனியா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இனியா, நான் வந்து…" என்று ஆரம்பித்தாள் அபிதா.

"விடுங்கக்கா. அவளுங்ககிட்ட நான் மூச்சு விட மாட்டேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, இன்னும் கிட்டே நகர்ந்தாள். "எனக்கும் அதே மாதிரி சார்கிட்ட பேசி விடுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு. மாசா மாசம் வாங்கறதுக்கு நானும் உங்க கூட நிக்கறேன். அவளுங்க ரெண்டு பேரு அடுத்த மாசம் தகராறு பண்ணப் போறாளுங்க, எனக்குத் தெரியும். நான் பேசி வழிக்குக் கொண்டாந்துடறேன்."

அபிதா அவளையே பார்த்தாள். நேற்று இதே இடத்தில் நின்று, என் பேரில் ஏறிய காசு என்று சொன்ன பெண். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருக்கலாமேடி, என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல எந்த வாய் இருக்கிறது?

"பாக்கறேன்" என்றாள். "பேசிப் பாக்கறேன்."

இனியாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் டப்பாவைத் திறந்து, வேகவைத்த முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் கரு அதிகமாக இருந்த பாதியை அபிதாவின் சோற்றின் மேல் வைத்தாள். "சாப்புடுங்கக்கா, மணியாயிடுச்சு" என்றாள் பிரியமாக. அபிதா தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிட்டாள்.