சீக்கிரம் மூடிய திருகு

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தால் பட்டறைக்கு யார் வருவார்கள்? வருகிறார்கள். திட்டிக்கொண்டே வருகிறார்கள். ஒரு நட்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்காமல் வண்டியை விடமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் கை கழுவவே கால் மணி நேரம். எனக்கோ எப்போதும் காலில் வெந்நீர் கொட்டிய அவசரம். இந்த மனுஷனோடு அக்கா இருபது வருஷம் எப்படித்தான் காலம் தள்ளினாளோ.

அன்றைக்கு அவளுக்குப் பத்து மணிக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். இரண்டு மணிக்கு அந்த மெஷினுக்கு வேறு ஆள் காத்திருப்பார், அதனால் தாமதமானால் நமக்குத்தான் நேரம் குறையும். போன மாதம் ஒருநாள் அப்படிக் குறைந்ததில், ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள்.

காலையில் பார்த்தால் மாமாவின் வேனில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீரெல்லாம் தரையில். வாடகை வண்டி கேட்டேன், வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். மாமா ஹோஸை மாற்றி, புதுத் தண்ணீரும் ஊற்றிவிட்டார். இனி ஏர் எடுக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று எஞ்சினில் தங்கிவிட்டால் பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். வேனின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினார். அக்கா பின் சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

மணி ஒன்பது. ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன். குமிழ் இல்லாம தண்ணி ஒரே கோடா வரணும். அதுவரைக்கும் திருகைத் தொடாத" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார்.

திருகிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு தண்ணீரைத் துப்பியது. மறுபடி காற்று, மறுபடி தண்ணீர். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்காவின் காலைப் பார்த்தேன். தண்ணீர்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டேன்.

மாமா திரும்பி வந்ததும், "ஆச்சு மாமா, கிளம்பலாம். சூடு காட்டுற முள்ளு ஏறவே இல்ல பாருங்க" என்றேன்.

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. ஹீட்டர் துவாரத்துக்கு நேரே உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்தேன். அனல் வர வேண்டிய இடத்தில் சில்லென்று வந்தது.

"முள்ளு பொய் சொல்லுது. சூட்டை அளக்கிற இடத்துல தண்ணியே இல்ல, காத்துதான் நிக்குது" என்று எஞ்சினை அணைத்தார். "ஆறணும். இப்ப திறந்தா மூஞ்சி வெந்துடும்."

என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, திறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அக்கா உள்ளேயிருந்து பொரிந்து தள்ளினாள்.

"பொண்டாட்டி சாகக் கிடந்தாலும் உங்க நிதானம் மாறாது, இல்ல?"

"என் தப்புதான்மா. கொஞ்சம் காத்து தங்கிடுச்சு" என்றார் மாமா, திருகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

தண்ணீர் ஒரே கோடாக வந்து, ஹீட்டரில் அனலும் வந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் அக்கா கட்டிலில் படுக்கும்போது மணி பதினொன்று.

"ரெண்டு மணிக்கு எடுத்துடுவோம். மூணு மணி நேரம்தான்" என்றாள் நர்ஸ்.

மாமா வேனை நிறுத்தப் போயிருந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, திருகை மூடினது நான்தான். தொடாதன்னு அவர் சொல்லிட்டுத்தான் போனாரு."

"தெரியும்டா. சன்னல் வழியா பாத்துட்டுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் அவரைத் திட்டின?"

"பயமா இருந்துச்சு, யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. அவர்னா தாங்குவாரு. உன்னைத் திட்டினா நீ அழுதுடுவ."

நாற்பத்திரண்டு வயதில், நர்ஸ் பார்க்க, யாரும் திட்டாமலே அழுதேன்.