பன்னிரண்டே முக்கால்

சென்னையில் எந்த டெவலப்பர் கூட்டத்துக்குப் போனாலும் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆம்பூர் என்பேன். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். பிரியாணி என்பார். பத்து வருடமாக வெப்சைட் செய்து பிழைக்கிறவள் நான். விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே போவது, புதிதாக என்ன ஃபிரேம்வொர்க் வந்திருக்கிறது, போன வருடம் தலையில் தூக்கி வைத்து ஆடியதில் எது செத்துப்போனது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர்களுக்கு என்னிடம் பேச இருப்பது சோறு மட்டும். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த மாதமும் போவேன். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குத் தன் தொழிலைப் பேச ஊரில் வேறு ஆள் இல்லை.

போன வருடம் அப்படி ஒரு சனிக்கிழமை. சொன்னால் போதும், தானே புரோகிராம் எழுதித் தரும் ஏஐ கருவி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை வைத்து ஒரே நாளில் ஒரு செயலி செய்து காட்ட வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். மூன்று பேர் சேர்ந்து தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கென்று ஒன்று செய்திருந்தார்கள். பரவாயில்லையே, எங்கள் ஊர்த் தொழிலைக்கூட நினைத்தார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு தோலின் போட்டோ வந்தது. அதன் உள்பக்கத்தில் 12 என்று பெரிதாக எழுதி, மேலே ஓரமாகச் சின்னதாக ஒரு 3. குழுத் தலைவர் அதைச் செயலியில் 12.3 என்று போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோலைச் சதுர அடியில் அளப்பார்கள். அடிக்குக் கீழே கால், அரை, முக்கால், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் மேலே சின்னதாக 1 போட்டால் கால், 2 போட்டால் அரை, 3 போட்டால் முக்கால். அந்தத் தோல் பன்னிரண்டே முக்கால் அடி. ஷெட்டுக்கு டீ கொண்டுவருகிறவரைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். யாரையும் கேட்கவில்லை. ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரு தொழிலையே தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டார்கள்.

கையைத் தூக்கினேன். கேள்விகளை டீ பிரேக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று மைக் பிடித்திருந்தவர் சிரித்தபடி சொன்னார். கையை இறக்கினேன். டீ பிரேக்கில் பரிசு வாங்கிய அந்த மூவரைச் சுற்றிப் பெரிய கூட்டம். இன்னொரு மூலையில் அந்தப் புதுக் கருவியின் ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை எவன் வாங்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு ஸ்டிக்கர் வரிசையில் போய் நின்றேன்.

வாங்கினார்கள். என் அக்கா வேலை பார்க்கும் ஷெட்டே வாங்கியது.

அக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வாணியம்பாடி போகிற வழியில் உள்ள ஷெட்டில், அளவு மெஷின் பக்கத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு வேலை. மெஷினை ஓட்டும் பாய் அளவைச் சொல்லச் சொல்ல, தோலிலும் நோட்டிலும் எழுதுவாள். நோட்டை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்று வேறு ஏதோ அவசரம்.

ஒரு மாதம் கழித்து, வேலை நாளில் மத்தியானமே வந்து நின்றாள். சாப்பாட்டுக் கேரியர் கையில் அப்படியே கனத்தது. வெளியூர் போக வேண்டிய சரக்கில் ஆர்டர்படி தோல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அடி மட்டும் குறைகிறது என்றானாம் மேனேஜர். எண்ணிக்கை சரி, அடி கம்மி என்றால் தோலின் ஓரத்தை யாரோ வெட்டி எடுக்கிறார்கள் என்று அவனுக்கு ஞானோதயம். கேட்டில் நிற்கவைத்து, மொத்த ஷிஃப்டும் பார்க்க, அக்காவின் பையைக் கொட்டிக் கேரியரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"பதினோரு வருஷத்துல ஒரு துண்டுத் தோலு வூட்டுக்கு வந்துருக்குமாடி?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

டேப்லெட்டில் எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். சின்ன மூணை எங்கே போடுவது என்று சொல்லிக்கொடுக்க வந்தவரைக் கேட்டாளாம். பன்னெண்டு போட்டு, ஒரு புள்ளி வச்சு, மூணு போடுங்க என்றாராம். போட்டியில் கைதட்டு வாங்கிய அதே செயலி. முக்காலில் முடியும் தோலில் கிட்டத்தட்ட அரை அடி போய்விடும். காலிலும் குறையும், அரையிலும் குறையும். ஒரு தோலில்கூட ஏறாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவன் செயலிக்காரர்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அதே குழுத் தலைவரின் குரல். செயலியில் தப்பே இல்லை, என்ட்ரி போடுகிறவர்களின் தவறுதான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வாய் திறப்பதற்குள் பாய் ஒரு தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மேஜைமேல் விரித்தார்.

"சார், இது எவ்ளோ, படிங்க."

"பதினாலே முக்கால்."

"இந்தத் தோலு அதுல இன்னான்னு இருக்குது, பாருங்க."

மேனேஜர் டேப்லெட்டைப் பார்த்தான். 14.3 என்று இருந்தது. எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். இருபது வருடமாகத் தோலில் பார்த்தால் முக்கால் என்று படிக்கிற ஆள். அதையே கண்ணாடித் திரையில் பார்த்ததும் படிப்பதை விட்டுவிட்டு, பெண்பிள்ளையின் சோற்றுக் கேரியரைத் திறந்து பார்த்திருக்கிறான். டேப்லெட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, மனுஷியைச் சந்தேகப்பட ஒரு நிமிடம் ஆகவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எல்லாத் தோலின் அளவையும் திருத்திக் கூட்டினேன். அடி சரியாக வந்தது. சாயங்காலம் ஷெட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது: சிஸ்டம் பிரச்சினை சரி செய்யப்பட்டது, சம்பந்தப்பட்டவர்கள் நாளை வேலைக்கு வரவும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. அக்கா போகமாட்டேன் என்றுவிட்டாள். கேட்டில் வைத்துத் திறந்தார்கள், கேட்டில் வைத்தே சொல்லட்டும் என்றாள். மூன்று நாள் வீட்டிலேயே இருந்தாள். நாலாம் நாள் ஷிஃப்டு ஏறும் நேரத்தில் மேனேஜர் கேட்டுக்கு வந்து, தப்பு எங்க மேலதான் என்று பாதிக் குரலில் சொன்னான். அக்கா கேரியரைத் திறந்து அவன்முன் நீட்டி, "பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாளாம்.

அன்று வேலை முடிந்து நேராக என்னிடம் வந்தாள். எனக்கு இன்னும் அடங்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தேன். அந்த மூன்று பேரை, அவர்களுக்குக் கைதட்டியவர்களை, போட்டி நாளில் நான் கையைத் தூக்கியும் பேசவிடாத மைக் பிடித்தவரை.

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்புறம் கைய எறக்கிட்டு இன்னாடி பண்ண?"

லேப்டாப் மூடி அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. அன்று வரிசையில் நின்று வாங்கிய ஸ்டிக்கர் அதன் நடுவில்தான் ஒட்டியிருந்தது.