லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மெஷினைச் சரிசெய்வது சுலபம், அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைச் சமாளிப்பதுதான் தொழில். இண்டூரில், ஒகேனக்கல் பஸ் போகிற ரோட்டில் நான் கடை திறந்தபோது, கம்ப்யூட்டர் என்றால் பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சமாச்சாரம். இன்றைக்கு ராகி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டர் உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுக்க இப்படித்தான், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அந்த 'ஆளுக்கொரு' என்பதில்தான் சந்தேகம். எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஆளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்கள் ஊரில் எப்படியோ, என் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

சார் எங்கே?

தொப்பூர் கணவாய்ப் பக்கம் லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போடுகிற ஓட்டல்காரர் ஒருவர், பில் போடுகிற கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடையைச் சுற்றிப் பார்த்தார். "சார் இல்லீங்களா?" என்றார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. சார் என்று இவர்கள் தேடுகிற என் வீட்டுக்காரர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறார். மவுசைக் கையில் கொடுத்தால், விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல அமுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆள்.

பெட்டியைத் திறந்தேன். மைதா மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து உள்ளே மெத்தை மாதிரி படிந்திருந்தன. காற்றாடி சுற்ற வழியே இல்லை. அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி, ஓட்டிக் காட்டினேன். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசல்வரை போனவர் திரும்பிச் சொன்னார்: "பிரமாதமா பண்ணிட்டீங்க மேடம். பொட்டி இங்கியே இருக்கட்டும், சாயங்காலம் எடுத்துக்கறேன். அதுக்குள்ள சார் வந்தா ஒருவாட்டி பார்த்துடச் சொல்லுங்க."

பீரோவில் பத்திரம்

மாதப்பன் பக்கத்துக் கிராமத்து விவசாயி, தக்காளியும் ராகியும் போடுகிறவர். மகள் சங்கவிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்த லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஸ்கிரீன் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அவ்வளவு புதுசு, ஆனால் உயிர் இல்லை. பெண் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், இப்போது தேவைப்படுகிறது என்றார். சங்கவி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். "என்னம்மா ஆச்சு இதுக்கு?" என்று அவளைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார்.

லேப்டாப் கிடைத்த அன்றே அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் திறந்து காட்டுவார்களாம். சார்ஜே ஏற்றாமல் போட்டுவைத்ததில் பேட்டரி உப்பிச் செத்துப்போயிருந்தது. உபயோகிக்காமல் வைத்ததால்தான் கெட்டது என்று எடுத்துச் சொன்னேன். நான் ஏதோ ஏமாற்றப் பார்க்கிறேன் என்பதுபோலப் பார்த்தார் மாதப்பன். "அதெப்பிடிங்க? பொண்ணு தொட்டா கெட்டுப்போயிடும்னுதானங்க பூட்டியே வெச்சோம்!"

தனிப் பாஸ்வேர்டு

பேட்டரி மாற்றிக் கொடுத்துச் சில மாதம் கழித்து, சங்கவி காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக வந்தாள். அண்ணன் தமிழரசன் அந்த லேப்டாப்பில் சினிமாவாக ஏற்றுகிறான், இடம் போதவில்லை என்றால் இவள் காலேஜுக்குச் செய்துவைத்திருப்பதை அழித்துவிடுகிறான். "எனக்கு மட்டும் தனியா பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க்கா" என்றாள். அவள் வாயைத் திறந்து கேட்டதே அதுதான் முதல்முறை. எப்படிப் போடுவது, எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரிப்பேருக்கு வருகிற மெஷின் என்றால் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மூடியிலேயே ஒட்டிவிடுவது நம் கடைகளின் வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. இவள் மெஷினுக்கு நான் சீட்டு ஒட்டவில்லை.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாதப்பன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, மனிதர் நொந்துபோயிருந்தார். பெண் எதையோ மறைக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசினால் என்ன ஆவது என்று கேட்டார். சங்கவி தலையைக் குனிந்துகொண்டே தட்டித் திறந்தாள். பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். அப்போதும் அவருக்கு ஆறவில்லை. "எங்க வூட்ல மாட்டுக்கொட்டாய்க்கே பூட்டு கெடையாதுங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க பூட்டு?"

ஏரிக்கரைப் புகை

என் கடைக்குப் பின்னால் செத்துப்போன மானிட்டர்கள் குவிந்து கிடக்கின்றன. 'சரி பண்ணி வைங்க, வந்து எடுத்துக்கறேன்' என்று விட்டுவிட்டுப் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டவர்களின் சொத்து. பழைய இரும்பு வாங்குகிற பெருமாள் அவ்வப்போது வந்து, கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு ஒயர்களை மட்டும் உருவிக்கொண்டு போவார். ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்துவார். மேலே இருக்கிற ரப்பர் எரிந்து போனால் உள்ளே செம்பு. அன்றைக்கு முழுக்க ஊரே இருமும். அது விஷப் புகை, கொளுத்தாதீர்கள் என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வாங்கறப்ப ஊரே சேர்ந்து வாங்குது மேடம். கொளுத்தறப்ப மட்டும் நான் ஒருத்தன்தான் பாவியா?"

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்தால், வாசலில் ஆஸ்பத்திரி மாதிரி கூட்டம் நிற்கும். காற்றாடிக்குள் விபூதி, கீபோர்டு சந்துகளில் பொரி, பெட்டிக்கு மேலே பிழிந்த எலுமிச்சம்பழம் உள்ளே இறங்கியிருக்கும். லேப்டாப்பின் கதி இன்னும் பரிதாபம். விரித்துவைத்த லேப்டாப் நம் ஆட்களுக்கு ஒரு முகம். முகம் என்றால் நெற்றி உண்டு, நெற்றி என்றால் பொட்டு வைத்தே ஆகவேண்டும். ஸ்கிரீனுக்கு மேலே நட்டநடுவில், கம்பெனிக்காரன் கேமராவைப் பதித்திருக்கிற அதே இடத்தில், கட்டைவிரலால் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிடுவார்கள். 'கேமரா மேல் பொட்டு வைக்காதீர்கள்' என்று கடையில் போர்டு எழுதி மாட்டினேன். பூஜையன்று என் வீட்டுக்காரர் அந்தப் போர்டுக்கும் பொட்டு வைத்துவிட்டார்.

சங்கவி படிப்பை முடித்த வருஷம் முதலில் வந்தவர் பென்னாகரத்து ஜெராக்ஸ் கடைக்காரர். மாவிலையில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மேல் தெளித்திருக்கிறார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். கரண்டில் ஓடுகிற சாமான் மேல் தண்ணீர் படலாமா என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "லாரிக்குப் பக்கெட் பக்கெட்டா ஊத்தறாங்க, ஜம்முனு ஓடுது. ரெண்டு சொட்டு தாங்கலன்னா இதெல்லாம் என்னாங்க மெஷினு?"

நெற்றிப் பொட்டு

இதுவரை சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கவி படிப்பை முடித்திருந்தாள். சொந்தத்தில் ஒரு வரன் வந்து நின்றது. வேலை கிடைத்தால் ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை என்று மாதப்பன் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெங்களூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, லேப்டாப்பிலேயே முகம் பார்த்து இன்டர்வியூ. அது அந்தப் பூஜை வாரத்தில் வந்து சேர்ந்தது.

'உங்கள் முகம் தெரியவில்லை, கேமராவைப் போடுங்கள்' என்றிருக்கிறார்கள் அந்தப் பக்கத்தில் இருந்த கம்பெனிக்காரர்கள். இவளுக்கு ஸ்கிரீனில் தெரிந்ததெல்லாம் மஞ்சளும் சிவப்பும்தான். துடைக்கப் போனால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல நாளில் வைத்த குங்குமத்தை அழிப்பாளா ஒருத்தி, அதுவும் கல்யாணம் பேசுகிற வீட்டில்? மீறித் துடைத்தாள். ஈரச் சந்தனம் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. அவளுக்கென்று ஒரு போன் இருந்தால் அதிலாவது முகத்தைக் காட்டியிருப்பாள், அதுவும் கிடையாது. இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்று அந்தப் பக்கத்தில் முடித்துக்கொண்டார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அப்பாவும் மகளுமாகக் கடைக்கு வந்தார்கள். மேல்சட்டத்தைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. கேமரா அவள் முகத்தைப் பளிச்சென்று காட்டியது, அழுது வீங்கிய முகம். "அடுத்த இன்டர்வியூவுக்குப் படிக்கணும்க்கா, பாடமெல்லாம் இதுல ஏத்திக் குடுங்க" என்றாள். ஏற்றிக் கொடுத்தேன். இந்தப் பொட்டால்தான் பெண்ணின் வேலை போனது, உங்கள் வாக்கை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிவையுங்கள் என்று மாதப்பனிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் துளியும் அசையவில்லை. "சாமிக்கு வெச்ச பொட்டுங்க. அதைப் பொறுத்துக்காதவன் வேலை நமக்கு எதுக்குங்க? தை பொறக்கட்டும், கல்யாணத்துக்கு சாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அழித்துக் கொடுங்கள்

போனேன். மண்டபத்தில் சீர்வரிசைக்கு நடுவே, கிரைண்டர் மேல் அந்த லேப்டாப் உட்கார்ந்திருந்தது. புதுசாகப் பொட்டு வைத்திருந்தார்கள்.

ஆடிக்குச் சங்கவி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைத் திரும்ப அழைத்துப்போக வந்த மாப்பிள்ளை பிரபு, போகிற வழியில் லேப்டாப்பையும் அவளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. என்னை அக்கா என்று கூப்பிட்டான், அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். பாலக்கோட்டில் அவன் அப்பாவுக்கு உரக்கடை. "இதுல என்னென்னமோ பாடமெல்லாம் கெடக்குதாம். அதையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டு, கடைக்கு பில் போடற மாதிரி பண்ணிக் குடுங்க்கா" என்றான். சங்கவி நாற்காலியில் உட்காரவில்லை. முன்பு அப்பாவுக்குப் பின்னால் நின்ற அதே மாதிரி இவனுக்குப் பின்னால் நின்றாள்.

ஆன் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது. நான் என் கையால் எடுத்துவிட்டது, திரும்பப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. பிரபு அவள் பெயரைப் போட்டுப் பார்த்தான், தன் பெயரைப் போட்டுப் பார்த்தான், கல்யாணத் தேதியையும் போட்டுப் பார்த்தான். ஒன்றுக்கும் திறக்கவில்லை. "நீ சொல்லு" என்று திரும்பினான். அவள் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், "மறந்துபோச்சுங்க்கா."

நம் தொழில்காரர்களுக்குத் தெரியும், ஒரு மெஷினைச் சுத்தமாக அழிப்பதற்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. சங்கவிக்கும் தெரியும், அவள் படித்த படிப்பு அது. அந்தக் கடையில் தெரியாதவன் அவன் ஒருவன்தான். "பாஸ்வேர்டு இல்லாம இதுல ஒண்ணுமே பண்ண முடியாதுங்க தம்பி" என்றேன், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. பிரபு கடையைச் சுற்றிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் கடையைச் சுற்றிப் பார்த்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. சார் வந்தா முடியுங்களா?"

பால் சொசைட்டியில் இருக்கிற அந்தச் சாருக்கு அப்போதே போன் போட்டு, 'அவராலும் முடியாதாம்' என்று நான் சொன்ன பிறகுதான், ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று பெயர் வாங்கிச் சங்கவி கைக்கே திரும்பி, எங்கள் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் முதன்முதலாக ஒரு ஆளுக்குச் சொந்தமானது.