தண்ணீரைப் பார்த்த வீடு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் மலையில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைச் சித்தப்பாவின் வீடு கெடுத்தது.

காவலூரில் வானம் பார்க்கும் கூடம் எழும்பிய நாட்களில் சித்தப்பா அங்கே கொத்தனாருக்குக் கையாளாக இருந்தார். அங்கே வேலை செய்பவர்களின் குடியிருப்புகளில் கண்ணாடி வைத்த பெரிய ஜன்னல்களைப் பார்த்துவிட்டு வந்தவர், எங்கள் ஊர் ஏரிக்கரையில் தன் பங்கு நிலத்தில் செங்கல் சுவர் எழுப்பினார். ஊரில் வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். இந்த வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் விசாரிப்பார்கள். சித்தப்பா வீட்டுக்கோ வாசலும் ஆளுயர ஜன்னலும் தண்ணீர்ப் பக்கம். ஊர்ப் பக்கம் வெறும் சுவர்.

"காலைல கண்ண தொறந்தா தண்ணி மட்டும் தெரியணும். வேற எவன் மூஞ்சியும் வேணாம்" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு ஆசையாக அவர் எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

கூரை வேய ஊரே கூடுவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு ஓர் ஆள். கூலி கிடையாது, சோறு மட்டும். அன்று சித்தப்பா ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க ஒடுகத்தூருக்கு இறங்கியிருந்தார். புல்லுக்கட்டோடு வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"இன்னாடா இது, வாசலையே காணோம்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அந்தாண்ட இருக்குதுங்க" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"அந்தாண்ட யாரு வருவா, ஏரி மீனா வரும்?" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"சித்தப்பா வேணும்னுதான் அப்படி வெச்சாரு" என்றேன் நான்.

"போடி, படிச்சவளே! வேணும்னு எவனாச்சும் ஊருக்கு முதுகக் காட்டுவானா? ஒண்டியா கட்னான், தப்பா பூடுச்சு. பாவம்" என்றாள் பெரியம்மா.

பாவம் என்றதும் எல்லோருக்கும் இரக்கம் பொங்கிவிட்டது. கடப்பாரை வந்தது. மதியத்துக்குள் ஊர்ப் பக்கச் சுவரில் வாசல் திறந்தது. ஏரிப் பக்க வாசலும் ஜன்னலும் கல்லும் மண்ணுமாக அடைபட்டன. இத்தனை பேர் சொல்வது தப்பாகுமா? நானும் மண் சுமந்தேன். வெயில் தாழ்வதற்குள் கூரையும் ஏறிவிட்டது.

வைக்கோல் சுற்றிய கண்ணாடியைத் தோளில் சுமந்துகொண்டு சித்தப்பா வந்தார். "வாடா, உன் வூட்ட சரி பண்ணிட்டோம்!" என்று கூவினார்கள். அவர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏரிப் பக்கம் சுற்றிப் போனார். பின்னாலேயே ஓடினேன். ஈரம் காயாத மண்ணில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"நான் சொன்னேன் சித்தப்பா, யாரும் நம்பல."

அவர் திரும்பி வந்து ஊர்க்கவுண்டரைக் கும்பிட்டார். சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினார்.

"திருப்திதானடா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"திருப்திங்க" என்று சித்தப்பா சிரித்தார்.

எல்லோரும் கலைந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். புது வீடு இருக்கும்போது இங்கே ஏன் வந்தார் என்று அம்மாவைக் கேட்டேன். களைப்பாக இருக்கும் என்றாள். களைத்தவர்கள் தங்கள் வீட்டுக்குத்தானே போவார்கள் என்று யோசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.