கொழும்பை விடக் கிட்ட

"சென்னை, கொழும்பை விடக் கிட்ட அண்ணை."

கலியாணத் தரகர் இதைச் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு சம்பந்தங்கள் பொருந்தி வந்திருந்தன. ஒன்று கொழும்பு, மற்றது சென்னை. எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் ஒரு முழு இரவு போய்விடும், சென்னைக்குப் பலாலியில் பிளேன் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றார். மகளும் மறுபேச்சில்லாமல் சென்னைக்கு ஓம் என்றுவிட்டாள். எங்கள் கொடிகாமச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கவே நாலு பேரிடம் விலை கேட்கிற ஆள் நான். பிள்ளையைக் கடல் தாண்டிக் கொடுக்கிற விஷயத்தில் தரகரின் வாயை நம்புவேனா?

கண் டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சாட்டுச் சொல்லி, விசா எடுத்து, நானே ஒருதரம் போய்ப் பார்த்தேன்.

வீட்டுக் கேற்றைத் தாண்டியதிலிருந்து மணிக்கூட்டில்தான் கண். பலாலிக்குப் போகிற வழியில் ஓட்டோக்காரன் வேண்டுமென்றே சுற்றினான். அங்கே பையைத் திற, சப்பாத்தைக் கழற்று, இரு, எழும்பு. பறந்த நேரம் மட்டும் தரகர் சொன்னதுதான். அதிலும் இரண்டு நாட்டு மணிக்கூட்டுக்கும் வித்தியாசம் வைத்து ஏய்க்கிறார்களோ என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே நேரம்தானாம். இறங்கியதும் ஒரு நீண்ட வரிசை, பிறகு ஊர்ப்பட்ட வாகன நெரிசல். விடிய வெளிக்கிட்டவன், மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டுவிட்டது.

வீட்டுக்குள் போகவில்லை. எதிரே துணி இஸ்திரி போடுகிறவரிடமும் மருந்துக் கடையிலும் பெடியனைப் பற்றி விசாரித்தேன். தங்கமான பிள்ளை என்றார்கள். ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் சொல்லிவைத்துப் பேசுகிறார்களோ என்று யோசித்தபடியே திரும்பினேன்.

வந்ததும் மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். மனைவி பக்கத்தில் கறிக்குப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தரகர் சொன்னது சுத்தப் புளுகு, வாசலுக்கு வாசல் பார்த்தால் சென்னையும் கொழும்பும் ஒரே தூரம்தான், கொழும்பென்றால் நினைத்த நேரம் ஒருத்தரையும் கேட்காமல் பஸ் ஏறி வந்து உன்னைப் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

மகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத்தானப்பா சென்னைக்கு ஓமெண்டனான்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் கொழும்பிலை படிக்கேக்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஹொஸ்டல் வாசலிலை நிண்டியள். நான் ஆரோடை கதைக்கிறன் எண்டு முன்கடையிலை விசாரிச்சியள். என்ரை சிநேகிதியள் எல்லாம் சிரிச்சவை. இனி விசா எடுத்து, வாறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நான் ஆசையாப் பாத்துக்கொண்டு நிப்பன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்று ஏதோ முணுமுணுத்தேன். ஓம் என்று அவள் தலையாட்டிய விதம் இன்னும் வலிக்கிறது.

மனைவியைப் பார்த்தேன். அவள் பயற்றங்காயிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தரகரில் தொடங்கி மருந்துக் கடைக்காரர் வரைக்கும் கண்ட எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், வீட்டுக்குள் இருந்த இந்த இரண்டு பேரையும் மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன்.