முதல் பறப்பில் என் பெயர்

போன வாரம் லண்டனில், மனோர் பார்க்கிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் கைபேசியில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நான்கு எஞ்சின் பயணிகள் விமானம். மூன்று எஞ்சின்கள் அதனோடு பிறந்தவை. நான்காவது புத்தம் புதியது, ராட்சத அளவு. மூன்று செம்புகளோடு ஒரு கல்யாண அண்டாவையும் சேர்த்துத் தொங்கவிட்டது மாதிரி இருந்தது. “நானும் இப்படி ஒன்றில் பறந்திருக்கிறேன்” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு ரயிலில் வரும் வியாதி இது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். “அப்படியா, அந்த வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?” என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என் முகம் எங்கே போயிருக்கும்?

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என்னைத் தெரிந்தவர்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிப்போனவன் நான். முதல் வேலை சவுத்தாலுக்கு அப்பால் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில். பெரிய எஞ்சின் செய்கிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். புது எஞ்சினின் உடம்பு முழுக்க உணர்கருவிகளை ஒட்டி, கம்பிகளை இறக்கை வழியாக விமானத்துக்குள் கொண்டுவந்து, திரைகளில் சேர்ப்பது எங்கள் வேலை. சூடு எவ்வளவு, அதிர்வு எவ்வளவு என்று ஒவ்வொரு கம்பியும் ஒன்றைச் சொல்லும். பழைய நான்கு எஞ்சின் விமானத்தைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் எளிது. புதியது வானத்தில் படுத்துவிட்டாலும் மற்ற மூன்றும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

அந்தக் கம்பிகளெல்லாம் ஆரஞ்சு நிறம். விமானத்தின் சொந்தக் கம்பிகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆரஞ்சைப் பார்த்தால் எனக்கு அன்ரன் அண்ணன் ஞாபகம்தான். ஒவ்வொரு கம்பியையும் ஒட்டியது அவருடைய கை. மன்னாரில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவர், அகதியாக வந்து, எங்கள் கம்பெனியில் டெக்னீஷியன். மண்ணெண்ணெய் மாதிரியான விமான எரிபொருள் வாசனை அவருடைய ஜாக்கெட்டை விட்டுப் போகவே போகாது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அதையும் மீறி மீன் குழம்பு மணக்கும். வெள்ளைக்காரர்களுக்குத் தொந்தரவு என்று கேண்டீனின் கடைசி ஜன்னலைத் திறந்துவைத்து அங்கேயே சாப்பிடுவார்.

முதல் ஆறு மாதம் நான் வேறு மேசையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன். பட்டம் வாங்கிய எஞ்சினியர் அல்லவா! ஒருநாள் அவரே கூப்பிட்டார். “என்ன தம்பி, அங்க தனிய இருந்து என்ன செய்யுறீர்? இஞ்ச வாரும். குழம்பு கடிக்காது.” அன்றிலிருந்து சாண்ட்விச் வாங்குவதை விட்டேன்.

அந்தப் பெரிய எஞ்சினின் முதல் பறப்புக்கு நாள் குறித்தார்கள். இங்கிலாந்தில் ஏறி ஸ்பெயினில் இறங்கி, அங்கே வெயிலில் இரண்டு வாரம் சோதனை. உள்ளே நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு இயந்திரப் பெட்டிகளை அடுக்கியிருந்ததால் உட்கார இடம் மிகக் குறைவு. அதிர்வைப் பார்க்கும் மேசைக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரே ஓர் ஆள். அது அன்ரன் அண்ணன்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஒரு பெட்டி நிறைய, வீட்டில் பொரித்த மீன் றோல்ஸ் கொண்டுவந்தார். குடியேற்ற அலுவலகம் இருந்த குரோய்டனில் ஏழு வருஷமாக இழுத்த அவருடைய விண்ணப்பக் கதை முடிந்திருந்தது. “குரோய்டன் கடைசியில கதவு திறந்திட்டுது தம்பி. பாஸ்போர்ட்டும் வந்திட்டுது” என்று காதோடு சொன்னார். வேறு யாரிடமும் காரணம் சொல்லவில்லை, றோல்ஸை மட்டும் நீட்டினார். நான் நான்கு தின்றேன்.

வியாழக்கிழமை காப்பி மெஷின் பக்கத்தில் எங்கள் மேலாளர் கிரஹாம் என்னைப் பிடித்தார். தங்கமான மனிதர். “அன்ரனின் பேப்பர்கள் இப்போது எப்படி இருக்கின்றன? ஸ்பெயினுக்குப் போக முடியுமா?” என்றார்.

முடியும் என்று ஒரு வார்த்தை. அது போதும். ஆனால் நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் குரோய்டனில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை” என்றேன். அதோடு விட்டேனா? “நீங்கள் கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்” என்றும் சேர்த்தேன். இன்னொருவரைச் சங்கடப்படுத்துவதைவிட விரலை வெட்டிக்கொள்வார் கிரஹாம். தலையாட்டிவிட்டுப் போனார். இதை யோசித்துத் திட்டம் போட்டுச் செய்தேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்படி இல்லை. பறக்கவேண்டும் என்று ஆசை, வாய் தானாக நகர்ந்தது.

மறுநாள் பட்டியலில் என் பெயர். அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் கிள்ளானில் தெரு முழுக்க நான் பைலட் ஆகிவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

அன்ரன் அண்ணன் வந்து நின்றார். “லிஸ்ட்டில என்ர பேரைக் காணேல்லை. ஏன் எண்டு தெரியுமோ?”

“மேலிடத்துல மாத்திட்டாங்க போலண்ணே. எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

பட்டியலில் என் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, “சரி, பரவாயில்லை. நீர் எண்டபடியால் சரி. வேற ஆக்கள் எண்டால் இந்தக் கம்பியளைப் பற்றி ஒண்டும் விளங்காது. வாரும், காட்டுறன்” என்றார்.

இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியின் குணத்தையும் சொன்னார். “நூற்றுப் பதினாலாம் நம்பர் கொஞ்சம் பொய் சொல்லும். சூடு ஏறினால் துள்ளும். பயப்பிடாதையும். பக்கத்தில இருக்கிற ரெண்டையும் பாரும். அதுகள் சும்மா கிடந்தால் இவன் பொய்யன்.”

பறந்தோம். என் வாழ்க்கையில் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. மூன்று எஞ்சின்களையும் தணித்துவிட்டு அந்தப் பெரியதை மட்டும் முழு வேகத்துக்கு ஏற்றியபோது விமானமே ஒருபக்கமாக இழுத்தது. அப்போது திரையில் நூற்றுப் பதினான்கு துள்ளியது. சோதனைத் தலைவர் எழுந்துவிட்டார். “நிறுத்தச் சொல்லட்டுமா?” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து இரண்டையும் பார்த்தேன். அசையாமல் கிடந்தன. “இது கருவியின் கோளாறு, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை” என்றேன். சொன்னது சரியாகவே இருந்தது. சோதனை முடிந்து இறங்கியதும் தலைவர் என் தோளைத் தட்டி, “இந்தக் கம்பிகளை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை” என்றார்.

“நன்றி” என்றேன்.

லண்டன் திரும்பியதும் அன்ரன் அண்ணன் வீட்டில் விருந்து. மாதா கோவிலுக்குப் போய்வந்த ஞாயிறு மத்தியானம், அவர்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களும் வந்திருந்தன. “தம்பி, முழுக்கச் சொல்லும்” என்று என்னை நடுவில் உட்காரவைத்தார். சொன்னேன். நூற்றுப் பதினான்கு துள்ளிய இடத்தில் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா நண்டுக் கறியைப் போட்டபடியே, “இவர் பிளேனில போட எண்டு ஒரு சேட் வாங்கி வச்சனான். கொலரில லேபிலும் கிழிக்காமல் கிடக்கு” என்றார். நான் குனிந்து நண்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனமாக அதற்குப் பிறகு எந்த நண்டையும் உடைத்ததில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து கிரஹாம் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம். பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கிரஹாம் எங்கள் இருவரிடமும் வந்தார். “அன்ரன், அந்த முதல் பறப்புக்கு உன்னை அனுப்ப முடியாதது எனக்கு இன்னும் வருத்தம். உன் பாஸ்போர்ட் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால்...”

அன்ரன் அண்ணன் என்னைப் பார்த்தார். நீண்ட பார்வை இல்லை. அதிர்வுத் திரையைப் பார்ப்பதுபோல ஒரு கணம். பிறகு கிரஹாமிடம் திரும்பி, “ஆமாம், குரோய்டன் ரொம்ப மெதுவாக இருந்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வெளியே மழை. பஸ் நிறுத்தம் வரை ஒன்றாகத்தான் நடந்தோம். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். நிறுத்தத்தில் அவர் கேட்டார்: “நீங்கள் எந்த பஸ்?”

அதுவரை என்னைச் சொந்தத் தம்பி மாதிரி ‘நீர்’ என்றுதான் சொல்லிவந்தார். அந்த ‘நீங்கள்’ அதன் பிறகு மாறவேயில்லை.

சில மாதங்களில் அவர் ரயில்வேயில் சிக்னல் வேலைக்குப் போய்விட்டார். பிறகு குடும்பத்தோடு டொரோண்டோ. எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருமுறை போன் செய்தேன். “அண்ணே, அந்த லிஸ்ட் விசயம்...” என்று தொடங்கினேன். “அதை விடுங்கோ. பிள்ளையள் சுகமோ?” என்றார். சுகம் என்றேன். அடுத்த வருஷம் அந்த எண் வேலை செய்யவில்லை.

அந்த விமானத்தை எங்கோ ஒரு பாலைவனத்தில் நிறுத்தி வெட்டிவிட்டார்களாம். எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி மூடியது. கட்டடம் இருந்த இடத்தில் பார்சல் கிடங்கு. கிரஹாம் காலமாகிவிட்டார். சோதனை அறிக்கை மட்டும் எங்கோ ஓர் ஆவணக் கிடங்கில் இருக்கும். முதல் பறப்பு, அதிர்வு மேசை என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். கருவிக் கோளாறைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்று எழுதியிருக்கும். அது தவறு, திருத்துங்கள் என்று எழுத ஒரு நாள் உட்கார்ந்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.