சத்தமில்லாமல் போன சின்னாத்தாள்

மாசாணம் தன் ஆத்தாளின் சாவுக்குப் பறையடித்ததால்தான் சுடுகாட்டு ஆலமரத்து வௌவால்கள் ஓடிப்போய்விட்டன என்று வெள்ளகோவில் பக்கத்து ஊரொன்றில் பேச்சு. பேக்கரியில் கேட்டாலும் அதே கதை, ரேஷன் கடையில் கேட்டாலும் அதே கதை. ஓர் ஊர் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசினால் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

மாசாணம் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். மரம் நிற்பது காலனிச் சுடுகாட்டில். அதனாலேயே ஊருக்குள்ளிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மோகனப்பிரியா என்ற கல்லூரிப் பெண் எடுத்த வௌவால் படம் செல்போனில் பரவியதும் ஊருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பொங்கியண்ணன் தலைமையில் காப்புக் குழு அமைந்தது. மரத்தடியில் பட்டாசு, மைக், மேளம் எதுவும் கூடாதென்று போர்டு வைத்தார்கள். குழுவில் காலனிக்காரர் ஒருவருமில்லை. வௌவாலும் இல்லை.

மாசியில் மாசாணத்தின் ஆத்தாள் சின்னாத்தாள் செத்துப்போனாள். மருமகன் பங்காருவின் பறையோடுதான் போகவேண்டும் என்று உயிரோடிருக்கையிலேயே சொல்லி வைத்தவள். பங்காரு பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனப்பா மாசாணம், மனசுக்குக் கஷ்டந்தான். ஆனா அதுக குட்டி போட்டிருக்குது பாரு. சத்தம் ஆகாது."

"ஊட்டு வாசல்லயாவது அடிச்சுக்கறமுங்க."

"காத்துல கேக்குமல்லொ. உங்காத்தா இருந்தா அதுவே வேண்டாம்னு சொல்லும்."

"அது இருந்தா பறை எதுக்குங்க?" என்றார் பங்காரு.

மாசாணம் அவர் கையிலிருந்த பறைக்குச்சியை வாங்கிக்கொண்டார். காலனிக்குத் தண்ணீர் வருவது பொங்கியண்ணன் தோட்டத்துப் போர்வெல்லிலிருந்து. சின்னாத்தாள் போனது தெருநாய்க்குக்கூடத் தெரியவில்லை.

சித்திரையில் குழுவுக்கு விருது. விழா மரத்தடியிலேயே. பந்தல், ஜெனரேட்டர், கிளைக்குக் கிளை சீரியல் லைட். பாலக்காட்டிலிருந்து வந்த செண்டை மேளம் விருந்தாளியை மரத்தைச் சுற்றி அழைத்து வந்தது.

"ஏனுங்க, இந்தச் சத்தம் அதுகளுக்கு ஆகுங்களா?" என்று பங்காரு கேட்டார்.

"இது மங்கள வாத்தியமப்பா" என்றார் பொங்கியண்ணன்.

வௌவாலுக்கு மங்களம், அமங்களம் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மறுநாள் மரத்தில் வெறும் கிளைதான் இருந்தது. வாங்கிய விருதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே மாசாணம் அகப்பட்டார். மாசியில் அடித்த பறை சித்திரையில் வேலை செய்ததாம். அந்தப் பறையை யாரும் அடிக்கவேயில்லை என்பதை எந்த பேக்கரியிலும் சொல்ல ஆளில்லை.

போன வாரம் பங்காரு பறையோடு வந்து நின்றார்.

"மச்சான், மரந்தான் காலியாக் கெடக்குது. அடிச்ச பேரும் வந்தாச்சு. ஒருக்கா அடிச்சுப்போட்டு வந்தறலாம்."

மாசாணம் பறையை வாங்கி ஒருமுறை தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப அடிச்சா, அன்னைக்கும் அடிச்சதா ஆயிரும் மாப்ள."

"அப்ப அத்தைக்கு?"

பங்காரு பறையைக் கொண்டுபோய்த் தன் வீட்டு ஆணியிலேயே மாட்டினார். சின்னாத்தாளுக்குச் சேரவேண்டிய அடி இன்னும் பாக்கி.